டிக் போடாத பெட்டி எதையும் அனுப்பாது: செக்பொக்ஸ் உள்ளீட்டைச் சேர்வரில் கையாளும் முழுமையான வழிகாட்டி

செக்பொக்ஸைப் பார்த்தால் இதைவிட எளிய உள்ளீடு இல்லை என்றுதான் தோன்றும். டிக் போட்டால் ஆம், போடாவிட்டால் இல்லை. ஆனால் அந்த ‘இல்லை’ சேர்வருக்கு வந்து சேர்வதே கிடையாது. டிக் இல்லாத பெட்டியின் பெயரைக்கூட பிரவுசர் அனுப்பாது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே இந்த விதி இருக்கிறது, இன்றுவரை மாறவில்லை. செக்பொக்ஸால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, நம் கோட் இந்த விதியை மறந்துபோவதால் வருபவை.

வகுப்பில் ஆசிரியர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வராத பிள்ளை “நான் வரவில்லை” என்று சொல்லாது. இடாப்பு கையில் இருப்பதால்தான் யார் வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. சேர்வர் ஸ்கிரிப்டுக்கும் அப்படியோர் இடாப்பு வேண்டும். என்னென்ன பெட்டிகளைக் காட்டினோம் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கத்துக்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்வி நிலையம். உயர்தர மாணவர்கள் இணையத்தில் பதிந்துகொள்ள ஒரு படிவம் வேண்டும். அதில் பாடங்களுக்கு நான்கு பெட்டிகள்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல். கீழே தனியாக இன்னொரு பெட்டி: “வகுப்பு ரத்தானால் எஸ்எம்எஸ் அனுப்பலாம்”. கொழும்பில் செய்யும் தளம் என்பதால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இயங்க வேண்டும். நிலைய அலுவலகத்துக்கு, யார் மாதக் கட்டணம் கட்டிவிட்டார்கள் என்று டிக் போடும் பட்டியல் பக்கமும் உண்டு.

கீழே உள்ள உதாரணங்களில் புலப் பெயர்களை வாசிக்க இலகுவாகத் தமிழில் தருகிறேன். தமிழ்ப் பெயர் வைத்தாலும் எச்டிஎம்எல் ஏற்கும். ஆனால் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அனுப்பும்போது அது ஒன்பது எழுத்தாக நீளும், லொக் கோப்பில் வாசிக்கவே முடியாது. உண்மையான கோட்டில் சிறிய ஆங்கிலப் பெயர்களே வசதி.

படி 1: பிரவுசர் அனுப்புவதைக் கண்ணால் பாருங்கள்

கோட் எழுதத் தொடங்குமுன் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வேர்க் பகுதிக்குப் போங்கள். படிவத்தை அனுப்பி, போன தரவைப் பாருங்கள். கணிதத்துக்கும் (அதன் எண் 11) இரசாயனவியலுக்கும் (எண் 13) டிக் போட்டு, எஸ்எம்எஸ் பெட்டிக்கும் போட்டால் இப்படி இருக்கும்:

பெயர்=கவிதா&பாடம்=11&பாடம்=13&எஸ்எம்எஸ்=1

எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு அனுப்பினால்:

பெயர்=கவிதா

அவ்வளவுதான். ‘பாடம்’ வெறுமையாகக்கூட வரவில்லை.

இதே இடத்தில் இன்னும் சிலவற்றையும் சோதித்துப் பாருங்கள். பெட்டிக்கு ‘வேல்யூ’ கொடுக்காமல் விட்டால், டிக் போட்டவுடன் ‘ஒன்’ என்ற ஆங்கிலச் சொல்தான் மதிப்பாகப் போகும். நான்கு பாடப் பெட்டிகளுக்கும் வேல்யூ இல்லாவிட்டால் நான்கு ‘ஒன்’ வரும், எது எந்தப் பாடம் என்று யாராலும் சொல்ல முடியாது. டிசேபிள் செய்த, அதாவது முடக்கிய பெட்டியில் டிக் இருந்தாலும் அது போகாது. ரீட்-ஒன்லி (வாசிக்க மட்டும்) என்ற பண்பு செக்பொக்ஸில் வேலை செய்யாது. ஆகவே, மாற்ற விடாமல் காட்ட வேண்டும் என்பதற்காகப் பெட்டியை டிசேபிள் செய்தால், அதன் மதிப்பைச் சேர்வர் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜாவாஸ்கிரிப்டால் போடும் பாதி நிலை, அதாவது பெட்டிக்குள் சின்னக் கோடு தெரிவது, வெறும் தோற்றம் மட்டுமே. அது சேர்வருக்குத் தெரியவே தெரியாது.

‘செக்ட்’ பண்பு எச்டிஎம்எல்லில் இருந்தாலே டிக் விழுந்துவிடும். அதற்குச் சமன் போட்டு ‘ஃபோல்ஸ்’ என்று எழுதினாலும் டிக் விழும். டிக் வேண்டாமென்றால் அந்தப் பண்பையே எழுதக்கூடாது.

படி 2: ஒற்றைப் பெட்டியைப் படிப்பது

எஸ்எம்எஸ் பெட்டிக்கு வேல்யூ 1 கொடுங்கள். சேர்வரில் விதி ஒரே வரிதான்:

எஸ்எம்எஸ் சம்மதம் = (எஸ்எம்எஸ் என்ற புலம் வந்திருக்கிறது, அதன் மதிப்பும் 1) என்றால் ஆம்; மற்ற எல்லாம் இல்லை

சேர்வர் கோட் எழுதும் மொழியான பிஎச்பியில் புலம் வந்ததா என்பதை ‘இஸ்செட்’ கொண்டு பார்க்க வேண்டும். பார்க்காமல் நேரே எடுத்தால் பிஎச்பி 8இல் எச்சரிக்கை வரும். சேர்வர் கோட் எழுத உதவும் ஜாங்கோவில் பூலியன் ஃபீல்ட் (ஆம்/இல்லை புலம்) இயல்பாகவே ‘கட்டாயம்’ என்ற நிலையில் இருக்கிறது, அதாவது டிக் போட்டே ஆக வேண்டும் என்று பொருள். விருப்பப்படி டிக் போடலாம் என்றால் ‘ரிக்கொயர்ட்’ என்பதை ஃபோல்ஸ் ஆக்க வேண்டும். ஜாங்கோவுக்குப் புதியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது வழக்கம்.

ஹிட்டன் புலம் என்ற உத்தியையும் சேர்வர் கோட் எழுத உதவும் பல மென்பொருள் தளங்களில் காண்பீர்கள். செக்பொக்ஸின் அதே பெயரில் 0 மதிப்புள்ள ஒரு மறைபுலத்தையும் வைப்பார்கள். டிக் இல்லாவிட்டால் 0 மட்டும் போகும், இருந்தால் 0உம் 1உம் போகும். இந்த உத்தியில் வரிசைதான் முக்கியம். ரூபி ஒன் ரெயில்ஸ் மறைபுலத்தைப் பெட்டிக்கு முன்னால் வைக்கிறது, ஏனென்றால் அங்கே கடைசி மதிப்பு நிற்கும். ஏஎஸ்பி டொட் நெட் எம்விசி பெட்டிக்குப் பின்னால் வைக்கிறது, அங்கே முதல் மதிப்பு எடுக்கப்படும். பிஎச்பியில் கடைசி நிற்கும். ஃப்ளாஸ்க்கில் ‘கெட்’ முதலாவதைத் தரும். நோட் எக்ஸ்பிரஸில் இரண்டும் சேர்ந்த ஒரு அரே (பல மதிப்புகளின் வரிசை) வந்து நிற்கும். ஒரு தளத்தின் உத்தியை இன்னொன்றில் அப்படியே ஒட்டினால், டிக் போட்டவர் எல்லோரும் ‘இல்லை’ என்று பதிவாகக்கூடும்.

என் கருத்தில், படிவத்தை முழுதாக அறிந்த சேர்வருக்கு மறைபுலம் தேவையில்லை. அது உண்மையாக உதவும் இடம் வேறு. ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு படிவங்களைக் கையாள்கிறது என்று வையுங்கள். பதிவுப் படிவத்தில் எஸ்எம்எஸ் பெட்டி உண்டு. போன் இலக்கம் மாற்றும் சின்னப் படிவத்தில் இல்லை. மாணவி இலக்கத்தை மட்டும் மாற்றுகிறாள். எஸ்எம்எஸ் புலம் வரவில்லை, உடனே ஸ்கிரிப்ட் அவளுடைய சம்மதத்தை அழித்துவிடும். “டிக் போடவில்லை”, “கேட்கவே இல்லை” இரண்டும் சேர்வருக்கு ஒரே மாதிரித் தெரிவதால் வரும் வினை இது. முடிந்தால் இரண்டு படிவத்துக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் வையுங்கள். முடியாவிட்டால், பெட்டி காட்டப்பட்டது என்று சொல்லும் வேறு பெயருள்ள மறைபுலம் ஒன்றை வைத்து, அது வந்தால் மட்டும் எஸ்எம்எஸ் மதிப்பைத் தொடுங்கள்.

படி 3: ஒரே பெயரில் பல பெட்டிகள்

நான்கு பாடங்களுக்கும் ஒரே பெயர், வெவ்வேறு வேல்யூ. பிரவுசர் சரியாகவே அனுப்புகிறது. படிக்கும் விதம்தான் தளத்துக்குத் தளம் மாறும்.

பிஎச்பியில் பெயரின் முடிவில் சதுர அடைப்புக்குறி போட வேண்டும்: பாடம்[] என்று. போடாவிட்டால் 11உம் 13உம் வந்தாலும் 13 மட்டுமே மிஞ்சும். எந்த எச்சரிக்கையும் வராது, முதல் பாடம் சத்தமில்லாமல் தொலைந்துவிடும்.

ஜாங்கோவில் ‘கெட்’ கடைசியை மட்டும் தரும். ஃப்ளாஸ்க்கில் அதே பெயருள்ள ‘கெட்’ முதலாவதைத் தரும். இரண்டிலும் ‘கெட்லிஸ்ட்’ என்று எடுத்தால் எல்லாம் கிடைக்கும், ஒன்றுமே இல்லாவிட்டால் வெறும் பட்டியல் கிடைக்கும். ஜாவா சேர்வ்லெட்டில் ‘கெட்பராமீட்டர்’ முதலாவதை மட்டும் தரும். ‘கெட்பராமீட்டர்வேல்யூஸ்’ எல்லாவற்றையும் தரும், ஆனால் டிக் ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் அரே தராது, ‘நல்’ (ஒன்றுமே இல்லை என்ற மதிப்பு) தரும். அதைப் பார்க்காமல் லூப் ஓட்டினால் புரோகிராம் விழும்.

மிகவும் ஏமாற்றுவது நோட் எக்ஸ்பிரஸ். மாணவி இரண்டு பாடம் எடுத்தால் அரே வரும். ஒரே ஒரு பாடம் எடுத்தால் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர் வரும். ஒன்றும் எடுக்காவிட்டால் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லை. ஒற்றைப் பாடக்காரியின் ‘11’ என்ற ஸ்ட்ரிங்கை அரே என்று நினைத்து லூப் ஓட்டினால், ‘1’, ‘1’ என்று இரண்டு எழுத்துகள் தனித்தனிப் பாடங்களாகப் பதிவாகும். எல்லாப் பாடத்துக்கும் டிக் போட்டுச் சோதிப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. எனவே படித்தவுடன் முதல் வேலையாக மூன்று நிலையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்:

வரவில்லை என்றால் → வெறும் பட்டியல்
ஒற்றை மதிப்பு என்றால் → ஓர் உறுப்புள்ள பட்டியல்
அரே என்றால் → அப்படியே

இதன் பிறகு கோட் முழுவதும் பட்டியலை மட்டுமே கையாளட்டும். எந்தத் தளமானாலும் இந்தச் சிறு ஃபங்ஷனைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: வேல்யூவில் பெயரை வைக்காதீர்கள், குறியீட்டை வையுங்கள்

நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று மொழித் தளத்தில் வேல்யூவாகப் பாடத்தின் பெயரையே வைத்தால், தமிழ்ப் பக்கத்திலிருந்து ‘பௌதிகவியல்’ வரும், சிங்களப் பக்கத்திலிருந்தும் ஆங்கிலப் பக்கத்திலிருந்தும் வேறு வேறு எழுத்தில் வரும். தரவுத்தளத்தில் ஒரே வகுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கும். இரசாயனவியலுக்கு எத்தனை பேர் என்று அலுவலகம் கேட்டால் மூன்று விடை வரும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பௌ’ போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஔகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டு துண்டாகவும் வைக்கலாம். ஒகர, ஓகாரக் குறிகளும் இப்படித்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட் அளவில் ஒப்பிட்டால் சமன் ஆகாது. சொற்களை ஒப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில் இரண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் முறைக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். செக்பொக்ஸில் அந்தத் தேவையே வரக்கூடாது. 11, 12, 13, 14 என்று எண் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்த மொழியில் என்ன பெயர் என்பதைச் சேர்வரே வைத்துக்கொள்ளட்டும்.

படி 5: வந்ததை நம்பாதீர்கள்

பக்கத்தில் நான்கு பெட்டிதானே இருக்கிறது, வேறென்ன வரப்போகிறது என்று எண்ண வேண்டாம். டெவலப்பர் டூல்ஸில் வேல்யூவை 99 என்று மாற்றி அனுப்ப ஒரு நிமிடம் போதும். சேர்வரிடம் இருக்கும் பாடப் பட்டியலோடு ஒவ்வொரு மதிப்பையும் ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாததைத் தள்ளுங்கள். ஒரே பாடம் இருமுறை வந்தால் ஒன்றாக்குங்கள். உயர்தரத்தில் பிரதான பாடங்கள் மூன்றுதான், எனவே மூன்றுக்கு மேல் வந்தால் நிறுத்துங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் நிறுத்துங்கள். “இதில் ஒன்றையாவது தெரிவுசெய்க” என்று செக்பொக்ஸ் கூட்டத்துக்குச் சொல்ல எச்டிஎம்எல்லில் வழியில்லை. ‘ரிக்கொயர்ட்’ என்று ஒவ்வொன்றிலும் போட்டால் நான்குக்கும் டிக் கேட்கும். இந்த எண்ணிக்கையைச் சேர்வர்தான் பார்க்க வேண்டும்.

மதிப்பின் வகையையும் பாருங்கள். ஒற்றைப் பெட்டியின் பெயரோடு யாராவது சதுர அடைப்புக்குறி சேர்த்து அனுப்பினால், ஸ்ட்ரிங் எதிர்பார்த்த பிஎச்பி கோட்டுக்கு அரே வரும், பிஎச்பி 8இல் பல ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள் அங்கேயே டைப் எரர் கொடுத்து நிற்கும். நிற்பது நல்லது. நிற்காமல் தொடர்ந்தால்தான் ஆபத்து. 2014 அக்டோபரில் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவு மென்பொருளில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறை இந்த வகைதான். பேர்ள் மொழியில் ஒரு புலத்துக்கு ஒரு மதிப்புத்தான் வரும் என்று எழுதியிருந்த இடத்தில் பல மதிப்புகளை அனுப்பி, பக்கத்திலிருந்த வேறு புலத்தை மேலெழுத முடிந்தது. அதைக்கொண்டு தனக்கு உரிமையில்லாத மின்னஞ்சல் முகவரியில் கணக்குத் திறக்க வழி பிறந்தது.

அலுவலகப் பட்டியல் பக்கத்தில், டிக் போட்டு வந்த ஒவ்வொரு மாணவர் இலக்கத்துக்கும் தனித்தனியாக அனுமதி பாருங்கள். “இவர் அலுவலர், உள்ளே வந்துவிட்டார்” என்பது போதாது. இந்த மாணவர் இவருடைய கிளைக்குள் வருகிறாரா என்பதும் வேண்டும்.

படி 6: சேமிப்பது

11,13 என்று கமா போட்டு ஒரே கொலத்தில் சேமிக்க ஆசை வரும். வேண்டாம். 13ஐத் தேடினால் 113உம் அகப்படும், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் உதவாது. மாணவர் ஒரு டேபிள், பாடம் ஒரு டேபிள், இரண்டையும் இணைக்கும் மூன்றாவது டேபிள்: மாணவர் இலக்கம், பாட இலக்கம், சேர்ந்த திகதி. முதல் இரண்டையும் சேர்த்து யுனிக் (ஒரே சோடி இருமுறை வராதபடி) ஆக்குங்கள். எஸ்எம்எஸ் போன்ற ஒற்றைப் பெட்டிக்கு மாணவர் டேபிளிலேயே ஒரு பூலியன் கொலம் போதும்.

மாற்றம் செய்யும்போது பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதியதைப் போடுவது சுலபம். ஆனால் சேர்ந்த திகதியும் கூடவே போய்விடும். பெப்ரவரியில் சேர்ந்த பிள்ளை, ஜூலையில் ஒரு பாடத்தைக் கூட்டியதால் எல்லாப் பாடத்துக்கும் ஜூலையில் சேர்ந்தவளாகிவிடுவாள். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடுங்கள். புதிதில் மட்டும் இருப்பதைச் சேருங்கள், பழையதில் மட்டும் இருப்பதை எடுங்கள், இரண்டிலும் இருப்பதைத் தொடாதீர்கள். இடையில் பிழை வந்தால் எதுவும் மாறாதபடி, மூன்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் செய்யுங்கள்.

கட்டணப் பட்டியலுக்கு இது மட்டும் போதாது. அது பக்கம் பக்கமாக, ஒரு பக்கத்துக்கு ஐம்பது பேராக வரும். அலுவலர் இரண்டாம் பக்கத்தில் டிக் போட்டுச் சேமிக்கிறார். வந்தவை மட்டும்தான் கட்டியவை என்று ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டால், முதல் பக்கத்தில் கட்டிய ஐம்பது பேரும் கட்டாதவர் ஆகிவிடுவார்கள். அடுத்த நாள் பெற்றோருக்குக் கட்டண நினைவூட்டல் போகும். இடாப்பு வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். இந்தப் பக்கத்தில் காட்டிய மாணவர் இலக்கங்களை மறைபுலமாகச் சேர்த்து அனுப்புங்கள்:

காட்டியது[]=201&காட்டியது[]=202&காட்டியது[]=203&கட்டியது[]=202

201, 203 கட்டவில்லை, 202 கட்டியாயிற்று. மற்ற எவரையும் ஸ்கிரிப்ட் தொடக்கூடாது. இரண்டு அலுவலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடமென்றால், பக்கம் திறந்தபோது எந்தெந்தப் பெட்டியில் டிக் இருந்தது என்பதையும் கூடவே அனுப்பி, அலுவலர் உண்மையிலேயே மாற்றியதை மட்டும் எழுதுங்கள்.

பக்கம் பிரிக்காமல் ஒரே நீளப் பட்டியலாகப் போட்டால் வேறொரு ஆபத்து. பிஎச்பி ஒரு வேண்டுகோளில் இயல்பாக 1000 புலங்களைத்தான் ஏற்கும், மிச்சத்தை ஒரு எச்சரிக்கையோடு வெட்டிவிட்டு ஸ்கிரிப்டை ஓடவிடும். செக்பொக்ஸில் ‘வரவில்லை’ என்றால் ‘டிக் இல்லை’ அல்லவா? வெட்டுப்பட்டவை எல்லாம் டிக் எடுக்கப்பட்டவையாகப் பதிவாகும். ஜாங்கோவுக்கும் எல்லை 1000தான், ஆனால் அது தாண்டினால் வேண்டுகோளையே மறுத்துவிடும். பிஎச்பியில் பெரிய படிவம் என்றால் கடைசி வரியாக ‘முடிவு=1’ என்று ஒரு மறைபுலம் வையுங்கள். அது வந்து சேராவிட்டால் எதையும் சேமிக்காதீர்கள்.

படி 7: திருப்பிக் காட்டுவது

மாணவி போன் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டாள், படிவத்தைத் திரும்பக் காட்டுகிறீர்கள். பெட்டிகளில் எதைக் காட்டுவது? “வந்த மதிப்பு இருந்தால் அதை, இல்லாவிட்டால் தரவுத்தளத்தில் உள்ளதை” என்று எழுதும் பழக்கம் எழுத்துப் புலங்களுக்குச் சரிவரும், செக்பொக்ஸுக்குச் சரிவராது. அவள் எடுத்துவிட்ட டிக் மதிப்பாக வராது, அதனால் பழைய டிக் திரும்பவும் வந்து உட்காரும். அவள் கவனிக்காமல் அனுப்பினால், வேண்டாம் என்றது வேண்டும் என்று பதிவாகும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: படிவம் அனுப்பப்பட்டதா? அனுப்பப்பட்டிருந்தால் வந்ததை மட்டும் காட்டுங்கள், அது வெறுமையாக இருந்தாலும். முதன்முறை திறக்கும்போது மட்டும் தரவுத்தளத்தைப் பாருங்கள்.

பெட்டிக்கு லேபலை, அதாவது பக்கத்திலுள்ள சொல்லை, இணைத்துவிடுங்கள். போனில் அந்தச் சின்னச் சதுரத்தை விரலால் பிடிப்பதைவிடச் சொல்லைத் தொடுவது எல்லோருக்கும் இலகு.

படி 8: சம்மதம் கேட்கும் பெட்டி

எஸ்எம்எஸ் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் சுதந்திரமாகவும், குறிப்பானதாகவும், விவரம் அறிந்தும், ஐயத்துக்கு இடமில்லாமலும் தரப்படுவது என்கிறது. நாம் போட்டு வைத்த டிக்கை ஒருவர் எடுக்காமல் விட்டதை அப்படிச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1இல் பிளனட்49 வழக்கில், முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி செல்லுபடியான சம்மதம் ஆகாது என்று தீர்த்தது. ஐரோப்பாவில் வாடிக்கையாளர் உள்ள தளங்களைக் கொழும்பிலிருந்து செய்பவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

நிபந்தனைகளை ஏற்பதற்கு ஒன்று, எஸ்எம்எஸ்ஸுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று பெட்டியைப் பிரித்து வையுங்கள். ஆம், இல்லை என்பதோடு எப்போது டிக் போட்டார், அப்போது அவருக்குக் காட்டிய வாசகம் எந்த மொழியில் எந்தப் பதிப்பு என்பதையும் சேமியுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தாய் போன் எடுத்து, “நான் எப்போது சரி என்றேன்?” என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியும். டிக்கை எடுத்த திகதியையும் அதேபோல எழுதி வையுங்கள், எடுத்த கணத்திலிருந்து எஸ்எம்எஸ் போவது நிற்க வேண்டும்.

படி 9: சோதனை

பிரவுசரோடு நிற்காமல், கர்ல் போன்ற கருவியால் சேர்வருக்கு நேரடியாக அனுப்பிப் பாருங்கள். ஒரு டிக்கும் இல்லாமல். ஒரே ஒரு டிக்குடன். நான்கும் சேர்த்து. பட்டியலில் இல்லாத 99. இருமுறை 11. ஒற்றைப் பெட்டிக்கு அரே. இவற்றில் முதல் இரண்டையும் ஒருபோதும் விடாதீர்கள். பிறகு பிரவுசருக்கு வந்து, டிக் இருந்த பெட்டியில் டிக்கை எடுத்து, போன் இலக்கத்தை வேண்டுமென்றே தவறாக எழுதி அனுப்புங்கள். திரும்பி வரும் படிவத்தில் அந்தப் பெட்டி வெறுமையாக இருக்க வேண்டும். இலக்கத்தைத் திருத்தி மறுபடி அனுப்பி, தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பாடத்தின் வரி மட்டும் நீங்கி, மற்றப் பாடங்களின் சேர்ந்த திகதி பழையபடியே இருந்தால் ஸ்கிரிப்டை நேரலையில் ஏற்றலாம்.